மரக்கறி அவித்த தண்ணீர்

மனைவியின் இரத்தப் பரிசோதனைத் தாளில் பொட்டாசியம் என்ற வரியைச் சுற்றி வைத்தியர் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்கு. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக் கொப்பியில் குறித்துக்கொண்டேன். வேலை செய்த காலம் முழுவதும் குளக்கட்டில் மழைமானி பார்த்து எழுதியவன் நான். ஓய்வுபெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. மழையோடு சேர்த்து வீட்டில் நடப்பதையும் எழுதத் தொடங்கிவிட்டேன். இங்கே திகதிகளை விட்டுவிடுகிறேன். வாசிப்பவருக்குக் கிழமைகள் போதும்.

"உந்த அளவை இறக்க வேணும் ஐயா," என்றார் வைத்தியர். "சிறுநீரகம் வெளியில தள்ளாட்டி பொட்டாசியம் இரத்தத்தில நிண்டுவிடும். கூடினால் இதயத்தைத்தான் பிடிக்கும். நாலு கிழமையால திரும்பப் பாப்பம். இறங்காட்டி வார்டில வைச்சுத்தான் பாக்க வேண்டி வரும்."

இதயம் என்பதை அவர் கையைக் காலைச் சொல்வதுபோலச் சொன்னார். அதற்குப் பிறகு சொன்னதில் பாதிதான் எனக்குக் கேட்டது. மனைவிதான் நிதானமாக இருந்தாள்.

"அப்ப நான் என்னத்தைச் சாப்பிடலாம் டொக்டர்?"

அவர் சாப்பிடக் கூடாதவற்றைச் சொல்லத் தொடங்கினார். முருங்கையிலை, பொன்னாங்காணி, வாழைப்பொத்தி, தக்காளி, உருளைக்கிழங்கு, இளநீர். ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல எனக்கு வியர்த்தது. கடந்த ஏழு மாதமாக நான் அவளுக்குச் சமைத்துக் கொடுத்தவை எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. இளநீர்கூட, வெள்ளியும் ஞாயிறும், நானே வெட்டிக் கொடுத்தது.

சிறுநீரகம் பழுதென்று முதலில் தெரிந்தபோது உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம், வடிகட்டிய தண்ணீரைப் பாவியுங்கள் என்றார்கள். அவ்வளவுதான் எனக்கு விளங்கியது. அவளுக்குக் கால் வீங்கி, அடுப்படியில் நிற்க ஏலாமல் போனபோது குசினியை நான் எடுத்துக்கொண்டேன். சமையல் தெரியாதவன் என்ன செய்வான்? வாசித்தேன். நூலகத்திலிருந்து உணவு பற்றிய நூல்களைக் கொண்டுவந்தேன். பத்திரிகையின் ஆரோக்கியப் பக்கங்களை வெட்டி ஒட்டினேன். எல்லாவற்றிலும் ஒரே கதைதான். மரக்கறியின் தோலைச் சீவாதே, பெரிதாக வெட்டு, குறைந்த தண்ணீரில் மூடி அவி, அவித்த தண்ணீரைக் கொட்டாதே, சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது.

நான் அப்படியே செய்தேன். கீரை அவித்த தண்ணீரில் சொதி வைத்தேன். வல்லாரையும் முசுட்டையும் முருங்கையும் போட்டு இலைக்கஞ்சி காய்ச்சினேன். பக்கத்து வீட்டுக்காரி, மலையகத்திலிருந்து வந்து இங்கே தோட்டம் செய்யும் குடும்பத்தவள், நாள் தவறாமல் ஒரு கட்டுக் கீரை கொண்டுவந்து தருவாள். அதுவும் போதாதென்று தர்மபுரத்தில் இருக்கும் அவளுடைய தம்பி பஸ்ஸில் வாழைப்பொத்தி அனுப்புவான். ஊரில் என்னைப்போல் மனைவிக்குப் பச்சை மரக்கறி சமைத்துப் போடும் ஆம்பிளை இல்லை என்று அவள் சொன்னதை, வெட்கமில்லாமல் கொப்பியிலும் எழுதி வைத்திருக்கிறேன்.

சுகமான ஆளுக்கு அந்த நூல்கள் சொன்னது சரி. இந்த நோய்க்காரிக்கு அது அப்படியே தலைகீழ். இந்த ஒரு வரி அவற்றில் எங்கேயாவது இருந்திருக்க வேண்டும். நான் காணவில்லை, அல்லது கண்டும் தாண்டிப் போயிருக்கிறேன்.

அன்று கிளினிக்கில் இருந்த தாதி ஒரு கடதாசியில் வழிமுறையை எழுதித் தந்தார். தோலைச் சீவ வேண்டும். சின்னதாக வெட்ட வேண்டும். நிறையத் தண்ணீரில் அவிக்க வேண்டும். தண்ணீரை வடித்துவிட்டு, பிறகுதான் கறியாக்க வேண்டும். புடலங்காய், கத்தரிக்காய், முட்டைக்கோவா, பீர்க்கங்காய், பயிற்றங்காய் அளவோடு சேர்க்கலாம். "எல்லாம் அவியோணும் ஐயா. அவிச்சு வடிக்கோணும். சரியோ?" என்று இரண்டு தரம் கேட்டார். நான் இரண்டு தரமும் ஓம் என்றேன்.

மறுநாள் புதன். புடலங்காயைச் சீவி, சுண்டுவிரல் நகமளவு வெட்டி, பெரிய பானையில் அவித்து வடித்தேன். சட்டியில் கிடந்ததைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. பச்சை போய் சாம்பல் நிறம். தேங்காய்ப்பூவும் மஞ்சளும் போட்டுக் கிளறினேன். உப்பு ஒரு கிள்ளு. அவள் ஒரு வாய் வைத்தாள்.

"என்னப்பா இது?"

"புடலங்காய் வறை."

"புடலங்காய் எப்ப செத்தது?"

வியாழன் கோவா. வெள்ளி கத்தரிக்காய், அது அவிந்து களியாகிப் போனது. சனிக்கிழமை அவள் சோற்றை மட்டும் நாலு வாய் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக் கோப்பையைத் தள்ளினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோப்பை பக்கமே வரவில்லை. பசியில்லை என்றாள். சங்கக்கடை தராசில் ஏற்றிப் பார்த்தேன், மெலிந்திருந்தாள். சாப்பிட்டால் பொட்டாசியம், சாப்பிடாவிட்டால் பலம் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. காலையும் மத்தியானமும் அவள் மணிக்கட்டைப் பிடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ணத் தொடங்கினேன். எண்ணிக்கை ஒரு தரம் தடுமாறினால் அவளுடைய இதயம்தான் தடுமாறியதோ, நான்தான் பிழையாக எண்ணினேனோ என்று திரும்பவும் தொடங்குவேன்.

"கையை விடுங்கோ," என்பாள். "நீங்கள் பிடிச்சிருக்கிற பிடியில அது ஓடாமல் நிண்டிடும்."

கிளினிக்குக்குப் போய்வந்த மறுநாளே பக்கத்து வீட்டுக்காரி கீரைக்கட்டோடு வந்தபோது நான் வாசலில் வைத்தே சொன்னேன், இனிக் கீரை வேண்டாம் என்று. அவள் முகம் சுருங்கிவிட்டது.

"என்னங்கய்யா, நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு? நாங்க மருந்து அடிக்காமத்தான் வளக்கிறோம்."

"மருந்துக்கில்லை பிள்ளை. கீரைதான் இப்ப அவவுக்கு ஆகாது."

"கீரை ஆகாதுன்னு சொல்ற ஆஸ்பத்திரியைப் பத்தி இப்பத்தாங்கய்யா கேக்கிறேன்."

கட்டை வாசற்படியில் வைத்துவிட்டுத்தான் போனாள். கொடுக்கவென்று கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோவது அவர்கள் வீட்டுப் பழக்கமில்லை. நான் அதை ஒளித்துவைத்து, நான் மட்டும் சாப்பிட்டேன். மனைவி குசினிக்குள் எட்டிப் பார்த்தாள். "நல்லா இருக்கோ?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டாம் கிழமை திங்களன்று அவளுக்குப் பொறுக்கவில்லை. கதிரையைக் குசினி வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நான் பயிற்றங்காய் அவித்து வடித்து, அப்படியே தாச்சிச் சட்டியில் கொட்டப் போனேன்.

"நில்லுங்கோ, நில்லுங்கோ. தண்ணி வடிஞ்சால் காணாது. காய வேணும்."

"காய்ஞ்சால்?"

"ஈரத்தோட தாளிச்சால் அது திரும்பவும் அவியும். அதுதான் உங்கட கறியெல்லாம் ஆஸ்பத்திரி மணம் மணக்குது. சுளகில பரப்புங்கோ. கா மணித்தியாலம் அதைத் தொடாதேங்கோ. கொப்பியையும் தொடாதேங்கோ."

அன்றைக்குத்தான் எனக்குச் சமையலின் முதற்பாடம் கிடைத்தது. அவள் சொன்னபடி, அடுத்தமுறை முழுதாக அவிய விடவில்லை. நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் எதிர்க்க வேண்டும், அந்தப் பதத்தில் வடித்தேன். சுளகில் பரப்பி ஈரம் போனபிறகு, தாச்சியை நன்றாகக் காயவிட்டு, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு வெடிக்க வைத்தேன். பிறகு பெருஞ்சீரகம், சின்ன வெங்காயம், இரண்டு செத்தல் மிளகாய், கருவேப்பிலை. வெங்காயம் ஓரம் சிவந்த பிறகுதான் மரக்கறி. அதற்குப் பிறகு அகப்பையை அதிகம் போடக் கூடாது. விளிம்புகள் அங்குமிங்கும் கருகட்டும், அந்தக் கருகலில்தான் ருசி என்றாள். இறக்கிய பிறகுதான் தேசிக்காய்ப்புளி விட வேண்டும், அடுப்பில் இருக்கும்போது விட்டால் கைக்கும்.

உப்புக்கும் அவளிடம் ஒரு யோசனை இருந்தது. கறிக்குள் போட வேண்டாம், அது உள்ளே ஒளிந்துகொள்ளும். எங்களுக்கு அனுமதித்த அந்த ஒரு கிள்ளு உப்பை, கறியைக் கோப்பையில் போட்ட பிறகு மேலே தூவுங்கள். நாக்கில் முதலில் படுவது அதுதான். பாதி உப்பில் முழு உப்பின் எண்ணம் வரும்.

கத்தரிக்காயை அவிக்காமல், சின்னதாக வெட்டி நிறையச் சுடுதண்ணீரில் ஊறவிட்டுப் பிழியச் சொன்னாள். செய்யலாமா என்று தாதியிடம் தொலைபேசியில் கேட்டு, ஓம் என்ற பிறகுதான் செய்தேன். பிழிந்ததை வறுத்த மிளகும் உள்ளியும் சேர்த்துப் பிரட்டினேன். கோவாவை மெல்லியதாக அரிந்து, அவித்து, காயவிட்டு, தேங்காய்ப்பூவைத் தனியே பொன்னிறமாக வறுத்துச் சேர்த்தேன். புடலங்காயில் வறுத்துப் பொடித்த நற்சீரகம். அந்தப் புதன்கிழமை அவள் கோப்பையை வழித்துச் சாப்பிட்டாள். "சோறும் இப்ப நல்ல மணமா இருக்குது. அரிசி மாத்தினீங்களோ?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப பசிதான் போல," என்று இன்னும் ஒரு அகப்பை போட்டுக்கொண்டாள்.

சந்தோஷப்பட்டேனா? அதுதான் இல்லை. அவள் ருசித்துச் சாப்பிடும் ஒவ்வொரு வாயையும் பயத்தோடு பார்த்தேன். ருசி இருக்கிற இடத்தில் பொட்டாசியமும் இருக்குமோ என்று ஒரு எண்ணம் எனக்குள் புகுந்துவிட்டது. கோப்பை காலியாகும்போது மணிக்கட்டைப் பிடிக்கக் கை நீளும். அவள் முறைத்தால் இழுத்துக்கொள்வேன். நாள்தோறும் என்ன மரக்கறி, எத்தனை நிமிடம் அவித்தது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள், எல்லாம் எழுதினேன். எழுதினால் ஏதோ என் கட்டுக்குள் இருப்பதுபோல.

நாலு கிழமை முடிந்து ஏழரை பஸ்ஸில் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போனோம். காலையில் இரத்தம் கொடுத்து, மத்தியானம் தாள் வந்தது. சிவப்பு வட்டம் அதே இடத்தில். எண் ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை.

வைத்தியர் மருந்தொன்றை எழுதிவிட்டு, பத்து நாளில் திரும்ப வரச் சொன்னார். அப்போதும் இறங்காவிட்டால் பையோடு வரச் சொன்னார், வார்டில் நிற்க. மனைவியைப் பிரஷர் பார்க்கும் வரிசையில் இருத்திவிட்டு நான் அந்தத் தாதியிடம் ஓடினேன்.

"மிஸ், நீங்கள் சொன்னது எல்லாம் செய்தனான். ஒரு நாள் விடேல்லை. இந்தா, எழுதி வைச்சிருக்கிறன்."

தாதி சிரிக்கவில்லை. "வாசியுங்கோ ஐயா, பாப்பம்," என்றார்.

வாசித்தேன். திங்கள்: பயிற்றங்காய், சின்னதாக வெட்டியது, பன்னிரண்டு நிமிடம். செவ்வாய்: கோவா. புதன்: புடலங்காய். தாதி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் சரியென்று தலையாட்டினார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"வடிச்ச தண்ணியை என்ன செய்தனீங்கள்?"

அது கொப்பியில் இருந்தது. ஒவ்வொரு நாளும் கடைசி வரியில் இருந்தது. நான்தான் வாசிக்காமல் விட்டிருந்தேன், அது முக்கியமில்லை என்று. இப்போது வாசித்தேன். "வடித்த தண்ணீர் ரைஸ் குக்கருக்கு. தண்ணீர் வீண் போகவில்லை."

வாசித்து முடியும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது. கொப்பியை மூடிவிட்டுச் சுவரோர வாங்கில் உட்கார்ந்தேன்.

எங்கள் ஊரில் வடிகட்டிய தண்ணீர் குழாயில் வருவதில்லை. சங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வடிகட்டும் நிலையத்தில் வரிசையில் நின்று, இரண்டு கானில் பிடித்து, சைக்கிளில் கட்டி, மணல் ஒழுங்கையில் இறங்கித் தள்ளிக்கொண்டு வர வேண்டும். அந்தத் தண்ணீரில் முகம் கழுவுகிறவனை ஊரே திட்டும். மரக்கறி அவிக்க ஒரு பானை, அதை அப்படியே நிலத்தில் ஊற்றுவதா? என் கைக்கு அது வரவில்லை. பக்கத்தில் கழுவிய அரிசி காத்துக்கொண்டிருந்தது. பானையிலிருந்து குக்கருக்கு மாற்றினேன். குக்கரில் வடிப்பும் இல்லை, விட்ட தண்ணீர் எல்லாம் சோற்றுக்குள் போய்விடும். மரக்கறியிலிருந்து நான் கஷ்டப்பட்டு வெளியேற்றியதை எல்லாம், ஒரு சொட்டு விடாமல், அவள் கோப்பைக்கே திருப்பிக் கொண்டுபோயிருக்கிறேன். நாலு கிழமை. சோறு மணந்ததும் அதனால்தான்.

தாதி என் தோளில் தட்டினார். "உங்களைப்போல ரெண்டு மூண்டு பேர் செய்திருக்கினம் ஐயா. ஃபில்டர் தண்ணி காவுற ஊர் ஆக்கள்தான் செய்யிறவை. நான் வடிக்கோணும் எண்டு சொன்னனான், ஊத்தோணும் எண்டு சொல்லேல்லை. இனிச் சொல்லுவன்."

அவர் தன் பிழை என்பதுபோலச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. பஸ்ஸில் மனைவி ஜன்னலோரம் இருந்தாள். "மிஸ் என்ன சொன்னவா?" என்றாள். "அவிக்கிறதைப் பற்றித்தான்," என்றேன். பஸ் ஓமந்தையைத் தாண்டியது. அவள் தலை என் தோளில் சாய்ந்தது. நித்திரையா, மயக்கமா என்று பார்க்க மூக்கடியில் விரலை வைத்தேன். "நித்திரை கொள்ள விடுங்கோவன்," என்றாள் கண் திறக்காமல்.

வீட்டுக்கு வந்து, பானையை அடுப்பில் வைத்த பிறகுதான் சொன்னேன். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னேன். அவள் குசினி வாசல் கதிரையில் இருந்தாள். திரும்பிப் பார்த்தேன். அவள் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை.

"உதை ஒவ்வொரு நாளும் எழுதினீங்களோ?"

"ஓம்."

"ஒவ்வொரு நாளும் எழுதிப்போட்டு, ஒரு நாளாவது வாசிக்கேல்லை."

அவள் எழும்பி வந்தாள். கால் வீக்கத்தோடு அடுப்படிக்கு வந்து, பானையின் இரண்டு காதையும் துணியால் பிடித்து, பின்வாசலுக்குக் கொண்டுபோய், அவித்த தண்ணீரைக் கத்தரிக் கன்றுகளின் பாத்தியில் ஊற்றினாள். ஆவி எழும்பி அவள் முகத்தை மறைத்தது. நான் பிடிக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். அடுத்த பத்து நாளும் அவளேதான் ஊற்றினாள். என்னை நம்பவில்லையோ, இல்லை எனக்கு அது கஷ்டம் என்று நினைத்தாளோ, நான் கேட்கவில்லை. நான் கானைக் கூடுதலாக ஒரு தரம் கொண்டுவந்தேன். காலை ஒன்று, பின்னேரம் ஒன்று.

சோறு திரும்பவும் வெறும் சோறானது. "அந்த நாலு கிழமைச் சோறு நல்லாத்தான் இருந்தது," என்றாள் ஒருநாள், பீர்க்கங்காயைப் பிசைந்துகொண்டே. பகிடியா உண்மையா தெரியவில்லை.

பத்தாம் நாள் வெள்ளி. துவாயும் சேலையும் மாத்திரைகளும் வைத்த பையைத் தூக்கிக்கொண்டு போனோம். இரத்தம் கொடுக்க வேண்டுமென்று காலையில் அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. பிறகு தாள் வரும்வரை தானாகவே சாப்பிட மறுத்துவிட்டாள். "இப்ப ஒண்டும் வாய்க்கு வைக்கமாட்டன். பேந்து நீங்கள் நான் சாப்பிட்டதைத்தான் குற்றம் சொல்லுவியள்," என்றாள். மத்தியானம் ஒன்றரைக்குத் தாள் வந்தது. நான் கண்ணாடியைத் தேடுவதுபோல் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நின்றேன். அவள்தான் வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு எந்த வரி என்று தெரியும். விரலை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் தந்தாள்.

இறங்கியிருந்தது. மேலே போகக்கூடாத எல்லைக்குக் கீழே, கொஞ்சம்தான் கீழே. மற்ற வரிகள் பழையபடிதான் இருந்தன, சிறுநீரகம் திரும்பி வரப்போவதில்லை. வைத்தியர் சிவப்புப் பேனையை எடுக்கவில்லை. "இப்பிடியே கொண்டுபோங்கோ," என்றார். ஒரு மாதத்தில் திரும்ப இரத்தம். நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

"பசிக்குது," என்றாள்.

அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனையோ நாள். ஆனால் வவுனியா நகரத்தில் அவளுக்கு என்ன வாங்கிக் கொடுப்பது? பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் போனோம். இடியப்பம் இருந்தது.

"இடியப்பம் மட்டும் தாங்கோ தம்பி. பருப்பு வேண்டாம். சொதி வேண்டாம். கிழங்குக்கறி வேண்டாம்."

பரிமாறுகிறவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப ஐயா என்னத்துக்குக் கடைக்கு வந்தனீங்கள்?"

மனைவி சிரித்தாள். எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். அவர் இடியப்பத்தைக் கோப்பையில் வைத்து, பக்கத்தில் ஒரு கிள்ளுத் தேங்காய்ச் சம்பலும் வைத்துவிட்டு, எனக்கென்று ஒரு கிண்ணம் சொதி கொண்டுவந்து வைத்தார். தக்காளி மிதந்த சொதி. நான் கையலம்பிவிட்டுத் திரும்பியபோது அவளுடைய விரல் நுனி அந்தக் கிண்ணத்துக்குள் இருந்தது. என்னைக் கண்டதும் எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே விரலை நாக்கில் வைத்தாள்.

ஒரு விரல் நுனி. அதில் எவ்வளவு இருக்கும் என்று என் மனம் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. நான் கிண்ணத்தை என் பக்கம் இழுத்து, கடைசிச் சொட்டு வரை கெதியாகக் குடித்து முடித்தேன். நாக்குச் சுட்டது. அவள் இரண்டாவது இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.